அலமாரியில் இல்லாத கோப்பை

(நம் சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, சங்கத்துப் பெரியோர்களே, தாய்மார்களே, இளைஞர்களே, எல்லோருக்கும் எங்கள் பணிவான வணக்கம்.

‘எங்கள்’ என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இங்கே நின்று பேசுகிறவர் ஒருவரே ஆயினும், பேச்சு மூவருடையது. 2024ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையன்று, கால்காவை அடுத்த சிவாலிக் மலையடிவாரத்திலே நடைபெற்ற மலைச் சைக்கிள் பந்தயத்தில் நம் காலனியின் பெயரால் மூவர் கலந்துகொண்டோம். ஒருவர் வங்கி ஊழியர். ஒருவன் பதினோராம் வகுப்பு மாணவன். மூன்றாமவர் ரயில்வே பார்சல் ஆபீசில் பற்றுச்சீட்டு எழுதும் குமாஸ்தா. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டவரிடம் மேடையை ஒப்படைத்துவிட்டு, மற்ற இருவரும் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். இங்கே சொல்லப்போவது அனைத்தையும் மூவரும் கூடி உட்கார்ந்து எழுதி, மூவரும் ஒப்புக்கொண்ட பிறகே கொண்டுவந்திருக்கிறோம்.

சங்கத்தின் கண்ணாடி அலமாரியில் கேரம், பூப்பந்து, கோலப்போட்டி ஆகியவற்றில் பெற்ற கோப்பைகள் வரிசையாக இருக்கின்றன. மலைச் சைக்கிள் பந்தயத்தில் மூன்றாம் பரிசு கிடைத்தது என்று அன்று பகல் உங்கள் கைப்பேசிகளுக்கெல்லாம் செய்தி வந்தது. மறுநாள் அலமாரியைப் பார்த்தவர்கள் கோப்பை எங்கே என்று கேட்டார்கள். சிலர் எங்களிடம் கேட்டார்கள். பலர் தங்களுக்குள் கேட்டுக்கொண்டார்கள். அக்கேள்விக்கு விடை சொல்லவே வந்திருக்கிறோம்.

முதலில் இவ்விளையாட்டைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும். சைக்கிள் என்றால் கடைக்குப் போகவும் ஆபீசுக்குப் போகவும் உள்ள வாகனம் என்று எண்ணுகிறவர்களே நம்மில் அதிகம். அமெரிக்காவிலே கலிபோர்னியா மாகாணத்தில் மாரின் என்ற மலைப்பாங்கான பகுதியில், 1970களில் சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களைப் பழைய சாமான் கடைகளில் தேடிப் பிடித்து, அவற்றை மலையுச்சிக்குக் கொண்டுபோய், மண்பாதையில் வேகமாக இறங்கி விளையாடினார்கள். 1976ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் தேதி அவர்கள் முறையாக நேரம் குறித்து ஒரு பந்தயம் நடத்தினார்கள். அந்தப் பாதைக்கு ‘ரீபேக்’ என்று பெயர். ஏன் அந்தப் பெயர் தெரியுமா? அந்தச் சைக்கிள்களில் பிரேக் பின்சக்கரத்து அச்சுக் குடத்துக்குள் இருந்தது. மிதியைப் பின்னுக்குத் தள்ளினால் பிடிக்கும். ஒரே இறக்கத்தில் அது காய்ந்து, உள்ளிருக்கும் கிரீஸ் முழுவதும் புகையாகிப் போகும். ஒருமுறை இறங்கினால் குடத்தைக் கழற்றி மறுபடியும் கிரீஸ் அடைக்க வேண்டும். அவ்வாறு மீண்டும் அடைப்பதையே ஆங்கிலத்தில் அச்சொல் குறிக்கிறது. சார்லி கெல்லி, கேரி பிஷர், ஜோ பிரீஸ் முதலியோர் அக்கூட்டத்தைச் சேர்ந்தவர்கள்.

விளையாட்டாகத் தொடங்கிய இது விரைவில் வளர்ந்தது. உலகச் சைக்கிள் சம்மேளனம் 1990இல் அமெரிக்காவின் டுராங்கோ நகரில் முதல் உலகப் போட்டியை நடத்தியது. 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் இது இடம்பெற்றது. நம் நாட்டிலும் 2023 அக்டோபரில் கேரளத்தின் பொன்முடி மலையில் ஆசியப் போட்டி நடந்தேறியது. பழைய சாமான் கடையிலிருந்து ஒலிம்பிக் மைதானத்துக்கு இருபதே ஆண்டுகள்!

இனி நம் மலைக்கு வருவோம். கால்காவிலிருந்து சிம்லா வரை செல்லும் சிறு ரயிலை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். ஊரிலிருந்து விருந்தினர் வந்தால் அதில் ஏற்றி அழைத்துப் போகாத குடும்பம் நம் காலனியில் இல்லை. 1903இல் திறக்கப்பட்ட அந்தப் பாதை 96 கிலோமீட்டர் நீளம் உடையது. அதில் 102 சுரங்கப்பாதைகள் உள்ளன. 2008இல் யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் சேர்த்தது. ஆயிரத்து நானூறு மீட்டருக்கு மேல் உயரம் ஏறுகிற அந்த ரயில், பாதையை வளைத்து வளைத்து எடுத்துக்கொண்டு, மிகச் செங்குத்தான இடத்திலும் 33 அடிக்கு ஓரடி என்ற கணக்கிலேயே ஏறுகிறது. ரயில்வேக்காரர்களுக்கு அதுவே பெரிய ஏற்றம். பந்தயப் பாதையிலோ 7 அடிக்கு ஓரடி என்று ஏறும் இடங்கள் இருந்தன. இஞ்சினே தயங்கும் ஏற்றத்தில், நாற்பத்தாறு வயதுக் குமாஸ்தாவும், ரத்தத்தில் சர்க்கரை கூடிய வங்கி ஊழியரும், பதினேழு வயதுப் பையனும் ஏறப் புறப்பட்டோம்.

ஏன் புறப்பட்டோம் என்று கேட்பீர்கள். உண்மையைச் சொன்னால், மருத்துவர் வங்கி ஊழியரிடம் தினமும் வியர்க்க வேண்டும் என்று கண்டித்துச் சொன்னார். அவர் தனியே போக வெட்கப்பட்டு குமாஸ்தாவை அழைத்தார். குமாஸ்தா விழுப்புரத்தில் சிறுவனாய் இருந்தபோது கேரியரில் இரண்டு குடம் தண்ணீர் கட்டிக்கொண்டு சைக்கிள் மிதித்தவர். அந்த நினைப்பில் உடன்பட்டார். ஞாயிறுதோறும் விடியற்காலையில் இருவரும் போவதைக் கண்டு பையனும் சேர்ந்துகொண்டான். அவன் இந்த ஊரிலே பிறந்து வளர்ந்தவன். வீட்டில் தமிழ் கேட்பான். விடை இந்தியில் சொல்வான். சங்கத்துத் தமிழ் வகுப்புக்கு அவனை அழைத்து அழைத்து ஓய்ந்தவர்கள் நாம். அந்தப் பையன், மலைப்பாதையில் எங்கள் இருவர் பேச்சையும் கேட்டுக்கொண்டே வந்து, நாலைந்து மாதங்களில் தமிழில் வாதாடவும் கேலி செய்யவும் கற்றுக்கொண்டான்.

பந்தயத்தில் சேர்வதென்று முடிவானதும் பணத்தின் தேவை வந்தது. பழைய பிரேக்குகளை மாற்ற வேண்டும். முள்முள்ளான தடித்த டயர்கள் வேண்டும். தலைக்கவசங்கள் மூன்று வேண்டும். சங்க நிதியிலிருந்து 6,000 ரூபாய் கடனாகப் பெற்றோம். செயற்குழுவில் ஒரு பெரியவர், நிதி குழந்தைகளின் புத்தகங்களுக்கு உரியது ஆயிற்றே என்று நியாயமாகக் கேட்டார். பரிசு கிடைத்தால் அன்றைக்கே திருப்பித் தந்துவிடுவோம் என்று எங்களில் ஒருவர் வாய்தவறிச் சொன்னார். மூன்றாம் பரிசு ஒரு கோப்பையும் 6,000 ரூபாயும் என்பது பிறகு தெரியவந்தது. அந்தத் தொகை எங்கள் மனத்தில் எத்தகைய வேலை செய்திருக்கும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அது பெரிய வீரர்களுக்கான பந்தயம் அன்று. மலையடிவாரத்துக் கிராமத்தாரும் சைக்கிள் அன்பர்களும் கூடி நடத்தும் ஊர்ப் பந்தயம். பள்ளிப் பிள்ளைகள், ஓய்வுபெற்ற சிப்பாய்கள், தேநீர்க்கடைக்காரர், கல்லூரிப் பெண்கள் என்று பலரும் வந்திருந்தார்கள். மூவர் கொண்ட குழுக்கள் 23. மூவரில் கடைசியாக வருகிறவருடைய நேரமே குழுவின் நேரம். ஆகவே, வல்லவன் முன்னே பறந்துபோய்ப் பயனில்லை. தளர்ந்தவனை உடன் அழைத்துக்கொண்டுதான் போக வேண்டும். இந்த ஒரு விதிக்காகவே இப்பந்தயத்தை நாங்கள் இன்றும் மெச்சுகிறோம்.

தூரம் 28 கிலோமீட்டர். வழியில் மூன்று இடங்களில் நிறுத்தம். குழுவுக்கு ஓர் அட்டை கொடுப்பார்கள். ஒவ்வோரிடத்திலும் அதில் ஒரு துளை இட்டுக்கொள்ள வேண்டும். மூன்று துளைகளும் இல்லாத குழுவுக்கு இடம் கிடையாது. இந்த விதியை ஒரு முதியவர், ராணுவத்தில் சுபேதாராக இருந்தவர், புறப்படுமுன் இரண்டு முறை உரக்கப் படித்தார். மொழி புரியவில்லை என்று நாங்கள் சாக்குச் சொல்ல இயலாது. இருபது ஆண்டுகளாக அம்மொழியில்தான் காய்கறி வாங்குகிறோம். அட்டையைப் பையனிடம் கொடுத்து வைத்தோம்.

காலை ஆறரை மணிக்குப் புறப்பட்டோம். முதல் ஒன்பது கிலோமீட்டரும் பைன் மரக்காட்டின் ஊடே ஏற்றம். கீழே விழுந்து கிடக்கும் பைன் ஊசிகள் எண்ணெய் பூசினாற்போல் வழுக்கும். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் பிடியிழந்து வெறுமனே சுழலும். உட்கார்ந்தபடியே முன்னுக்குச் சாய்ந்து, சிறிய கியரில் சீராக மிதிக்க வேண்டும். இறக்கத்தில் இதற்கு நேர்மாறு: இடுப்பைச் சீட்டுக்குப் பின்னே தள்ளி, முழங்கையையும் முழங்காலையும் தளர்த்தி வைத்துக்கொள்ள வேண்டும். முன்பிரேக்கை வெடுக்கென்று பிடித்தால் சைக்கிள் நின்றுவிடும், நாம் நிற்க மாட்டோம். டயரிலும் காற்றைக் கல்போல் அடைக்கக் கூடாது. சதுர அங்குலத்துக்கு 30 ராத்தல் அளவில் வைத்தால்தான் கல்லின்மேல் அது அமுங்கிப் பிடித்துக்கொள்ளும். இவற்றையெல்லாம் புத்தகத்தில் படித்து அறிந்ததைவிட முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு அறிந்ததே அதிகம்.

முதல் நிறுத்தம் ஒரு பள்ளிக்கூட வாசல். கிராமத்துப் பெண்கள் மோரும் வெல்லமும் தந்தார்கள். அட்டையில் முதல் துளை விழுந்தது. வங்கி ஊழியர் மட்டும் வெல்லத்தைத் தொடாமல் மோரைக் குடித்தார். அவர் மனைவி இங்கே இருப்பதால் இதனைக் குறிப்பிடுகிறோம்.

இரண்டாவது நிறுத்தம் மலைமுதுகைக் கடந்து, ஓர் ஊற்றின் அருகில் இருக்கும் அரசமரத்தடி. அங்கே ஆள் இல்லை. துளையிடும் கருவியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பதாக முன்பே சொல்லியிருந்தார்கள். அங்கே போகும் மேற்பாதை ஓரிடத்தில் பிரிகிறது. சரியாக அவ்விடத்தில் வங்கி ஊழியரின் செயின் கழன்றது. குனிந்து மாட்டினோம். கையெல்லாம் கரி. நிமிர்ந்து புறப்பட்டபோது, மேலே கிளையில் கட்டியிருந்த சிவப்பு நாடாவைக் காணாமல், ஆடுமாடுகள் இறங்கும் கீழ்ப்பாதையில் இறங்கிவிட்டோம்.

ஒரு கிலோமீட்டர் போயிருப்போம். பின்னாலிருந்து பையன் கூவினான்: “மாமா, நாடா ஒன்றையும் காணோமே!”

சிறிது தூரத்தில் பாதை மறுபடியும் பந்தயப் பாதையோடு சேர்ந்தது. அங்கே மரத்தில் சிவப்பு நாடா ஆடியது. “இதோ பார் தம்பி, நாடா!” என்றோம்.

“மாமா, அரசமரத்தை நாம் பார்க்கவே இல்லை. அட்டையில் ஒரு துளைதான் இருக்கிறது” என்றான் அவன்.

அப்போது நாங்கள் திரும்பியிருக்க வேண்டும். திரும்பினால் கடினமான ஏற்றம். குறைந்தது இருபது நிமிடம் போய்விடும். முன்னே போனவர்களில் இரண்டு குழுக்களைத்தான் நாங்கள் பிடிக்கவில்லை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். “பிறகு பார்த்துக்கொள்ளலாம், மிதி!” என்று சொன்னோம். யார் சொன்னது என்று எங்களுக்குள் இன்றுவரை வழக்கு உண்டு. இருவருமே சொன்னோம் என்பதே தீர்ப்பு. பையன் அதன்பின் பேசவில்லை. மூன்றாவது நிறுத்தமாகிய ஓடைப்பாலத்தில் அட்டையை அவன் நீட்டினான், துளை விழுந்தது. நாங்கள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

2 மணி 41 நிமிடத்தில் முடிவுக்கோட்டைத் தாண்டினோம். கொட்டு முழங்கியது. ஒரே கூட்டம். அட்டையைப் போட ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். பையன் அதன் அருகே அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்றான். அவன் கையிலிருந்து அதை வாங்கிப் பெட்டியில் போட்டது ஒரு கை. அந்தக் கை இப்போது இந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் கைதான்.

கூட்ட நெரிசலில் ஒருவரும் அட்டைகளைச் சரிபார்க்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து, நேரக் கணக்கை மட்டும் பார்த்து முடிவுகளை வாசித்தார்கள். மூன்றாம் இடத்துக்கு நம் குழுவின் எண் வந்தது. “தமிழ் காலனி!” என்று ஒலிபெருக்கியில் கேட்டபோது உடல் சிலிர்த்தது உண்மை. அந்தச் சிலிர்ப்பிலேயே உங்களுக்குச் செய்தியும் அனுப்பிவிட்டோம். மேடைப் படியில் கால் வைத்தபின் திரும்பிப் பார்த்தால், இருவர்தான் இருக்கிறோம். பையன் தூரத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சக்கரத்தைச் சுற்றிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

போய் அழைத்தோம். வரவில்லை. கோபிக்கவும் இல்லை. “நீங்கள் போங்கள் மாமா” என்று மட்டும் சொன்னான். தமிழில்தான் சொன்னான். எங்களிடம் கற்ற தமிழ் அது. அந்த மொழியோடு வேறு என்ன கற்றுக்கொண்டு போகப் போகிறான் என்ற எண்ணம் அப்போதுதான் எங்களைச் சுட்டது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு மேடைக்குப் போகாமல் மேஜைக்குப் போனோம். சுபேதார் ஐயாவிடம் நடந்ததைச் சொன்னோம். அவர் பெட்டியைக் கவிழ்த்து, எங்கள் அட்டையைத் தேடி எடுத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். இரண்டே துளைகள். அவர் எங்களைப் புகழவும் இல்லை, கடியவும் இல்லை. பதிவேட்டைத் திறந்து எங்கள் வரியின்மேல் ஒரே ஒரு கோடு கிழித்து, பேனாவை எங்களிடம் நீட்டி, பக்கத்தில் கையெழுத்திடச் சொன்னார்.

ரயில்வேயிலே கணக்குப் புத்தகத்தில் பிழை நேர்ந்தால் சுரண்டி அழிக்கக் கூடாது. எழுதியது தெரியும்படி ஒரு கோடு கிழித்து, சரியானதை எழுதிக் கையெழுத்திட வேண்டும். இருபது ஆண்டுகளாக எத்தனையோ பற்றுச்சீட்டுகளில் அவ்வாறு செய்த கை, அன்றுபோல் ஒருநாளும் நடுங்கியதில்லை.

மூன்றாம் பரிசு எங்களுக்கு அடுத்து 2 மணி 50 நிமிடத்தில் வந்த குழுவுக்குப் போயிற்று. மலைக்கிராமத்துத் தபால்காரர் ஒருவர், அவருடைய மகள், பால் விற்கும் இளைஞர் ஒருவர். அரசமரத்தடிக்கு ஏறி இறங்கியிருந்தால் எங்களுக்கு மூன்று மணிக்கு மேலும் ஆகியிருக்கும். ஆகவே நாங்கள் விட்டுக்கொடுத்தோம் என்று ஒருவரும் சொல்ல வேண்டாம். அவர்களுடைய பொருள் சிறிது நேரம் எங்கள் கையில் இருந்தது, அவ்வளவே. அந்தப் பெண் கோப்பையை வாங்கிக்கொண்டு இறங்கியபோது முதலில் கைதட்டியவன் நம் பையன்.

மாலையில் காலனிக்குத் திரும்பினால், வாசலில் கோலம், மாலை, இனிப்பு, ஆரத்தித் தட்டோடு தாய்மார்கள். சைக்கிளை விட்டு இறங்கக் கால் வரவில்லை. தெருவிலேயே நின்று உண்மையைச் சொன்னோம். சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. அப்போது, தட்டைப் பிடித்திருந்த பாட்டியம்மாள் சொன்னார்: “ஆரத்தி கோப்பைக்கா எடுக்கிறோம்? மூன்று பேரும் கைகால் முறியாமல் வந்து சேர்ந்தீர்களே, கிழக்கே பார்த்து நில்லுங்கள்.” அவர்களுக்கு எங்கள் நன்றியை இன்று எல்லோர் முன்னிலையிலும் செலுத்துகிறோம்.

ஒரு நண்பர் மட்டும் தனியே அழைத்து, “யார் பார்த்தார்கள்? நீங்களாகப் போய் ஏன் சொல்ல வேண்டும்? நம் சங்கத்துக்கு ஒரு பெயராவது வந்திருக்குமே” என்று கேட்டார். சங்கத்தின்மீது கொண்ட அன்பினாலேயே கேட்டார். பையன் பார்த்தான் என்பதே எங்கள் பதில். நாம் ஊரைவிட்டு ஆயிரக்கணக்கான மைல் தள்ளி வந்து, பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று தவிக்கிறோம். அகர வரிசையைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறோம். ஆனால் அவர்கள் கரும்பலகையை மட்டும் பார்ப்பதில்லை; எழுதும் ஆளையும் பார்க்கிறார்கள்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னதற்காக எங்களுக்குப் பாராட்டு வேண்டாம். பாதையில் வழி தவறியது பிழை; யானைக்கும் அடி சறுக்கும். பையன் சொன்ன பிறகும் மிதித்தது குற்றம். அந்த ஒன்றரை மணி நேரத்துக்குமேல் நாங்கள் சுமந்த பாரம் சைக்கிளின் பாரத்தைவிடப் பெரிது. இனி எவரும் அதைச் சுமக்க வேண்டாம் என்பதற்காகவே சொல்கிறோம்.

கடன் என்ன ஆயிற்று என்று பொருளாளர் ஐயா கேட்கமாட்டார், அவருக்குத் தெரியும். ஆளுக்கு 2,000 ரூபாய் என்று பிரித்துக்கொண்டு, தவணையாகக் கட்டி முடித்துவிட்டோம். பையனுடைய பங்கை நாங்கள் இருவரும் ஏற்பதாகச் சொன்னோம். அவன் இசையவில்லை. காலனியின் சிறு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து, அதில் வந்ததைக் கொண்டு தன் பங்கைத் தானே செலுத்தினான். புத்தக நிதியில் ஒரு ரூபாயும் குறையவில்லை.

இறுதியாக ஒரு விண்ணப்பம். அடுத்த பந்தயத்துக்கு நம் காலனியிலிருந்து இரண்டு குழுக்களையாவது அனுப்ப வேண்டும். அவற்றுள் ஒன்று பெண்பிள்ளைகளின் குழுவாக இருத்தல் வேண்டும். ஞாயிறுதோறும் காலை ஐந்தரை மணிக்குச் சங்க வாசலில் கூடுகிறோம். புதுச் சைக்கிள் வேண்டியதில்லை. இருக்கிற சைக்கிளில் பிரேக் நன்றாகப் பிடித்தால் போதும். தலைக்கவசம் இல்லாதவர்களை மட்டும் அழைத்துப் போக மாட்டோம். சர்க்கரை, ரத்த அழுத்தம் உடையவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு வரட்டும். நம் வங்கி ஊழியரை அவருடைய மருத்துவர் இப்போது கண்டிப்பதில்லை.

அட்டையை அடுத்த முறையும் பையனிடமே கொடுப்பதாக இருக்கிறோம். அவன் நில் என்றால் நிற்பது, திரும்பு என்றால் திரும்புவது என்று இரு மாமாக்களும் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறோம்.